யாருக்கும் சொந்தமில்லாத மாவு

ஆடி பிறந்து ஒன்பது நாள் ஆகியும் மொடாவில் மாவு பாதிக்குமேல் ஏறவில்லை.

இடுப்பளவு உயரமுள்ள மண்பானையை எங்கள் பக்கம் மொடா என்போம். கோவிந்தப்பனின் ராகி மில்லில், மாரியம்மன் படத்துக்கு நேர் கீழே அது இருக்கிறது. வைகாசியில் கழுவிக் காயவைத்து நிமிர்த்தினால் ஆடிக்குள் நிறைந்துவிடும். மூன்றாம் வெள்ளியன்று அந்த மாவைக் கரைத்துக் காய்ச்சித்தான் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது. மில் வைத்த நாள்முதல் இது தவறியதில்லை. தவறினால் கடையில் மாவு வாங்க வேண்டும். வாங்கிய மாவில் ஊற்றினார்கள் என்ற பேச்சு எங்கள் வகையறாவுக்கு வருவதைவிட அந்த மில்லை இடித்துவிடலாம்.

நான் கோவிந்தப்பனுக்குப் பெரியப்பா மகன். அவனுக்குப் பதினொரு வயது மூத்தவன். கோயில் காரியம் என் பொறுப்பு. ஆகவே அந்தப் பானையைத் தினமும் எட்டிப் பார்க்க எனக்கு உரிமை உண்டு.

அது நிறைகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ராகியை அரைத்து முடித்ததும் இயந்திரத்தின் வயிற்றில் கொஞ்சம் மாவு தங்கிவிடும். அடுத்தவர் ராகியைக் கொட்டும்போது முதலில் வந்து விழுவது அந்தப் பழைய மாவும் புதிய மாவும் கலந்தது. ஒரு வீட்டு மாவை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது தர்மம் அல்ல என்றார் மில்லை வைத்த என் சிற்றப்பா. மில்லுக்காரன் எடுத்துக்கொள்வது அதைவிடக் கேடு. யாருக்கும் சொந்தமில்லாத மாவு அம்மனுக்குப் போகட்டும் என்று, துணிக்குழாயில் வரும் முதல் கைப்பிடியை ஏந்தி மொடாவில் போட்டார். போடும்போது பேசமாட்டார். சாமிக்கு எடுக்கிற கைக்கு வாய் கிடையாது என்பார். கோவிந்தப்பனும் அப்படித்தான். ராகி விழுந்து இயந்திரத்தின் சத்தம் கனக்கும் நொடியில் அவன் வலது கை தானாக எழும். கண் அயர்ந்திருந்தாலும் எழும். நாற்பது வருஷப் பழக்கம்.

அந்தக் கொட்டகைக்குள் யாருக்கும் கண் அயரும். ஆடியில் எங்கள் பக்கம் வெயில் என்பது பெயருக்குத்தான். சானமாவுக் காட்டின்மேல் மேகம் படுத்திருக்கும். அங்கிருந்து சாரலும் காற்றும் மாறிமாறி வரும். கூரைத் தகரத்தில் நாலைந்து ஓட்டை. அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சத்தில் மாவுத்தூள் மிதந்துகொண்டே இருக்கும். தரைக்கு வருவதே இல்லை. பெல்ட் ஒரே சீராக அடித்துக்கொள்ளும். வறுத்த ராகியின் வாசனை. வெளியே சாலையில் கம்பெனி பஸ்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பனிக்குள் அவற்றைப் பார்த்தால், ஒரு காலத்தில் அந்த இடத்தில் ராகி தின்ன வந்த யானைகள்தாம் வரிசையாக நடக்கின்றனவோ என்று தோன்றும். இப்போது அங்கே ராகி இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் முழுவதும் லேஅவுட். மதுரை, திண்டுக்கல், விழுப்புரம் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன.

ஊரில் அரைக்கிறவர்கள் குறைந்தபோது அந்த லைன் வீட்டு ஜனங்கள்தான் மில்லை ஓட்டினார்கள். இரண்டு வருஷமாக அவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். சண்டை இல்லை, குறை இல்லை. ஒருநாள் வந்தவர் மறுமுறை வரமாட்டார். அவ்வளவுதான்.

அன்று மொடாவை எட்டிப் பார்த்துவிட்டு நான் உட்கார்ந்ததும் கோவிந்தப்பனின் மனைவி லட்சுமியம்மாள் காப்பி கொண்டுவந்தாள்.

“மாமா, நான் ஒண்ணு சொல்றன், கோவப்படக் கூடாது. நம்ம வூட்டு ராகிய ரெண்டு மூட்ட அரைச்சி அதுல கொட்டிட்டா நெறைஞ்சிடும். யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்” என்றான் கோவிந்தப்பன்.

“உனக்குத் தெரிஞ்சா ஊருக்குச் சொல்லிடுவியா?”

“அம்மனுக்குத் தெரியாதா? உன்னுத அள்ளிப் போட்டுட்டு எல்லாருதுன்னு சொன்னா அது கூழா? கஞ்சிடி, கஞ்சி.”

“சரி, அப்ப பாதிப் பானைய வெச்சிகினு பாதி ஊருக்கு ஊத்து.”

அவர்கள் மகள் சுவாதி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வாடிக்கையாளர் குறை கேட்கிற பிரிவில் இருக்கிறாள். நாளெல்லாம் திட்டு வாங்குவதற்கு ஒரு சம்பளமா என்று நான் முன்பு கேட்டதுண்டு.

“அப்பா, வராதவங்க ஏன் வர்லன்னு நீ யாரையாச்சும் கேட்டியா?”

“வந்தவங்களக் கேக்கலாம். வராதவங்கள எங்கம்மா போய்க் கேக்கறது? ரோட்டுல நின்னு கைய நீட்டச் சொல்றியா?”

“எங்க ஆபீசுல போன் பண்ணித் திட்டறவங்கதான்பா நல்லவங்க. அவங்களுக்கு இன்னும் நம்ம மேல ஆச கீது. பேசாம போயிடறாங்க பாரு, அவங்கதான் போனவங்க.”

“நம்ம மில்லுல என்னா கொற? கல்லு கொத்தி இன்னும் ஒரு மாசம் ஆவல. எடையில ஒரு குண்டுமணி போனதில்ல.”

“இல்லன்னு நீ சொல்ற. அவங்க என்னா சொல்றாங்கன்னுதான் தெரியல.” பிறகு என்னைப் பார்த்தாள். “பெரியப்பா, லேஅவுட்டுக்கு அந்தாண்ட ராஜசேகர்னு ஒருத்தரு புது மில்லு வெச்சிருக்காரு. எல்லாரும் அங்கதான் போறாங்க. அப்பாவப் பாத்தா அங்க தெரிஞ்சிடும். உங்கள யாருக்கும் தெரியாது. ரெண்டு படி ராகி எடுத்துகினு போய் ஒரு தடவ அரைச்சிகினு வாங்களேன்.”

எங்கள் வீட்டு ராகி வேறு ஒருவன் மில்லில் அரைபட்டதே இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். கோவிந்தப்பன், “அண்ணாவ வேவு பாக்க அனுப்பறியா நீ?” என்று கத்தினான். ஆனால் அவன் கண் மொடாவின் பக்கம் போனதை நான் பார்த்தேன். மறுநாள் போனேன்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியில் ராகியுடன், சாரலில் நடந்து போனேன். லேஅவுட்டுக்குள் அதற்குமுன் நான் கால் வைத்ததில்லை. ஒரே நிறத்தில் ஒரே மாதிரி வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஈரச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. காயாமல் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது என்பதே சரி. எங்கள் நிலத்தில் நான் ஏர் ஓட்டிய இடம் இதில் எது என்று பார்த்துக்கொண்டே போனேன். பிடிபடவில்லை.

ராஜசேகர் முப்பது வயது மதிக்கத்தக்கவன். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“உக்காருங்க தாத்தா. உங்களுக்கு முன்னால நாலு பேரு. கால் மணி நேரம் ஆவும், பரவால்லைங்களா? களிக்கா, கூழுக்கா? நைசா ஓட்டவா, கொரகொரப்பா வேணுமா?”

எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒருவன் என்னிடம் அதைக் கேட்டான். எங்கள் மில்லில் களிக்கு ஏற்ற பதம் ஒன்றுதான். அதை இயந்திரம் முடிவு செய்யும். கொஞ்சம் தடுமாறி, “களிக்கு” என்றேன்.

ஒரு கிழவர் “ஆயித்தா?” என்று வந்து நின்றார். அவருக்குக் கன்னடத்தில் பதில் சொல்லி, இன்னொருத்தியைத் தெலுங்கில் கிண்டல் செய்து, ஒரு குழந்தைக்குச் சத்துமாவு அரைப்பதற்காக இயந்திரத்தின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அடக்க முடியாமல் தூக்கம் வந்தது. சத்தமும் வாசனையும் எங்கள் மில்லைப் போலவே இருந்தன. மாவுத்தூள் வெளிச்சத்தில் மிதந்தது. சிற்றப்பா அந்த மூலையில் கையை ஏந்தி நிற்பதுபோல இருந்தது. அந்த மயக்கத்தில்தான் பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பெண்கள் பேசுவது காதில் விழுந்தது.

“காட்டுப் பக்கம் ஒரு பழைய மில்லு இருக்குல்லக்கா, கிட்டத்துல. அதவுட்டுட்டு ஏன் இம்புட்டுத் தூரம் வாரீக?”

“அந்த மில்லா? ஏத்தா, அந்தாளு கைப்பிடிக் களவாணில்ல!”

“அய்யய்யோ.”

“நம்ம கண்ணு முன்னாடியே எடுக்காரு. மாவு வருது, ஒரு கை அள்ளுறாரு, ஒரு பானைக்குள்ள போடுறாரு. ஏன், என்னான்னு ஒரு வார்த்த கிடையாது. சாமி படத்துக்குக் கீழ வச்சுக்கிட்டு! வர்றவுக போறவுக எல்லார்கிட்டயும் ஒரு கைன்னா வருசத்துக்கு எத்தன மூட?”

“கேக்க வேண்டியதுதானக்கா?”

“நாம பொழைக்க வந்த சனம். உள்ளூருக்காரனக் கேட்டு என்னத்துக்கு வம்பு? பெறகு போகல, அம்புட்டுத்தான்.”

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். என் ராகி வரிசையில் அடுத்ததாக இருந்தது. எங்கள் வகையறாவில் கூலி கொடுக்காமல், கொடுத்ததை வாங்காமல் ஓடிப்போனவர் எவரும் இல்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “காளியம்மாக்கா, உங்க சட்டி” என்று ராஜசேகர் கூப்பிட, களவாணி என்று சொன்ன பெண் எழுந்து போனாள். நாற்பது வயது இருக்கும். கைகளில் எண்ணெய்க் கறை. அவளும் ஏதோ பட்டறையில் வேலை செய்கிறாள். போகும்போது என் காலில் சட்டி பட்டுவிட்டது. “பொறுத்துக்கங்கய்யா” என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த மாவில் களி நன்றாக வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோவிந்தப்பனிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு முழுநாள் பிடித்தது. களவாணி என்ற சொல்லை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வேறு சொல் பொருந்தவில்லை. அவன் இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். லட்சுமியம்மாள்தான் அழுதாள்.

“அந்தம்மாவ இங்க கூட்டிகினு வா” என்றான் சுவாதியிடம். “என் முன்னால சொல்லட்டும்.”

“சண்ட போடறதுக்கா? நான் போவ மாட்டன்.”

“சண்ட இல்ல. நாப்பது வருசமா எவன் எவன் வாயில நான் திருடனா இருந்தன்னு தெரிஞ்சிக்கணும். கூட்டியா.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுவாதி போய் என்ன பேசினாளோ, காளியம்மாள் வந்தாள். வெறுங்கையோடு அல்ல; இடுப்பில் ஒரு சட்டி ராகி. கொட்டகைக்குள் என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளுத்தது.

“அன்னைக்கு அங்க இருந்தது நீங்களாய்யா? வீட்டுப் பெரியவுகளா?”

“ஆமாம்மா.”

“நான் சொன்னது சொன்னதுதான். இப்ப இல்லம்பேனா?” என்று சட்டியை இறக்கினாள். “பாத்தத்தான் சொன்னேன்.”

கோவிந்தப்பன் மொடாவின் மூடியைத் திறந்து காட்டினான். பிறகு பேசினான். மொடாவைப் பற்றி அவன் வெளியாளிடம் பேசியதை அன்றுதான் கேட்டேன். வார்த்தை கோவையாக வரவில்லை. இயந்திரத்தின் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே தங்கியிருந்த மாவைத் தொட்டுக் காட்டினான்.

“இது முன்னால அரைச்சவங்களுதுமா. இத உனுக்குக் குடுத்தா உனுக்குப் பாவமில்ல, எனுக்குப் பாவம். எங்கப்பா சொன்னது. நானா ஒரு சிட்டிக இதுலேர்ந்து எடுத்திருந்தா என் கை அழுகிப் போவட்டும்.”

“ஏங்க, அந்த மாதிரியெல்லாம் பேசாதீங்க” என்றாள் லட்சுமியம்மாள்.

காளியம்மாள் குனிந்து அந்த மாவைத் தானும் தொட்டுப் பார்த்தாள். விரல்களுக்கிடையே தேய்த்தாள். வெளியே சாரல் வலுத்துத் தகரத்தின்மேல் ஓடியது. பெல்ட் ஓடாத அந்தக் கொட்டகையில் மழைச் சத்தத்தை அப்போதுதான் முழுசாகக் கேட்டேன்.

“சரிண்ணே. நம்புறேன். எங்கூர்லயும் ஆத்தாளுக்குக் கூழு உண்டு” என்றாள். “இத எப்ப ஊத்துறீக?”

“வருசா வருசம் ஆடி மூணாம் வெள்ளி. மத்தியானம்.”

“யாருக்கு ஊத்துறீக?”

“எல்லாருக்கும்தான்.”

“எல்லாருக்கும்னா? நாங்க இந்த லைன்ல ஒம்போது வருசமா இருக்கோம். ஏழு வருசம் உங்க மில்லுலதான் அரைச்சோம். எங்க கைப்பிடியும் இந்தப் பானைக்குள்ள போயிருக்கு. ஒரு நாளு, ஒரு வருசம், எங்கள யாரும் வாங்கன்னு சொல்லலையேண்ணே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஐயம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

கோவிந்தப்பன் என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததில் நியாயம் இருந்தது. அழைக்கிற வேலை என்னுடையது. ஆடி பிறந்ததும் ஆள் விட்டு வீதி வீதியாக அறிவிக்கச் சொல்வது நான். லேஅவுட் வந்த புதிதில் அறிவிக்கிற ஆள், ரோட்டைத் தாண்டிப் போகட்டுமா என்று கேட்டான். அங்கே யார் இருக்கிறார்கள், இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிற ஜனம், ரோட்டோடு திரும்பி வா என்று சொன்னவன் நான். அந்தச் சொல்லை மறந்தே போயிருந்தேன். அவர்களிடம் எடுத்தோம், எங்களுக்குள் குடித்தோம். களவாணி என்று பெயர் வைத்தது அவள். பெயருக்கு உரியவன் கோவிந்தப்பன் அல்ல.

அதை நான் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதிவிட்டேன்.

காளியம்மாள் ராகியைக் கொட்டினாள். பெல்ட் ஏறியது. சத்தம் கனத்த நொடியில் கோவிந்தப்பனின் கை எழுந்தது, பாதியில் நின்றது. அவன் இரண்டடி பின்னால் போனான்.

“மொத கைய நீயே எடுத்துப் போடும்மா.”

“நானா? போடலாமாண்ணே?”

“போடு. புடிக்கலன்னா உன் சட்டியிலயே உட்டுடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்.”

அவள் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். சூடான மாவு. ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மொடாவில் விட்டாள். கோவிந்தப்பனின் எழுந்த கைக்குப் போக்கிடம் தெரியவில்லை. வேட்டியில் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த நாலு நாளில் லைன் வீடுகளிலிருந்து சிலர் வந்தார்கள். சிலர் கைப்பிடியை மொடாவில் போட்டார்கள். ஒரு பெண் நன்றாக யோசித்துத் தன் சட்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டு போனாள். கோவிந்தப்பன் வாயைத் திறக்கவில்லை. சுவாதி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அது எனக்கு அதிகமாகப் பட்டது. ஆனாலும் கேட்கப் பழகினான். “நைசாவா, எப்பிடி?” என்று அவன் கேட்கும்போது திட்டுவதுபோல இருக்கும். கேட்டான்.

வியாழக்கிழமை காலை நான் வெள்ளை வேட்டி கட்டி, மஞ்சள் குங்குமத் தட்டோடு ரோட்டைத் தாண்டினேன். அறிவிக்கிற ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. முதல் வீட்டில் ஒரு பையன் கதவைத் திறந்து, “அம்மா, நன்கொடைக்கு வந்திருக்காங்க” என்றான். இல்லை என்று சொல்லி அழைத்தேன். இரண்டாவது வீட்டில் நாய். மூன்றாவது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இரவு ஷிப்ட்காரரை எழுப்பிவிட்டேன். அவர் கும்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். எழுபது வீடுகள் இருக்கும். என் முழங்கால் நாற்பதாவது வீட்டிலேயே கணக்கை முடித்துக்கொண்டது. நான் முடிக்கவில்லை.

காளியம்மாளின் வீட்டில் அவள் கணவர் பரமசிவம் இருந்தார். அன்று அவருக்கு வார விடுமுறை.

“வர்றதுக்கு ஆசதாங்கய்யா. நாளைக்கு எனக்கு மொத ஷிப்டு. இந்த லைன்ல பாதிப் பேருக்கு அதேதான். பஸ் வந்து சேர மூணே கால் ஆகிப்போகும். நீங்க மத்தியானம் ஊத்துவீகன்னு இவ சொன்னா.”

உச்சிவேளையில் ஊற்றுவது எங்கள் முறை. அந்த வேளையை எம்.எல்.ஏ. வந்தபோதுகூட நாங்கள் தள்ளிவைத்ததில்லை. அவருக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். என் தகப்பனார் மறுத்துவிட்டார்.

“அம்மனுக்கு உச்சியில ஊத்திடுவோம்” என்றேன். “அதுல மாத்தம் கெடையாது. அண்டாவ மூடி வெக்கறன். நீங்க வந்தப்புறம் தெறக்கறன்.”

“எங்களுக்காகவா? ஊருல ஏதும் சொல்ல மாட்டாகளா?”

“சொல்லட்டும்.”

மொடா நிறையவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பார்த்தபோது மாவு கழுத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. லட்சுமியம்மாள் தண்ணீரைக் கூட்டிக் காய்ச்சினாள். மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டாள். கூழ் நீர்த்துத்தான் இருந்தது. உச்சியில் அம்மனுக்கு ஊற்றினோம். ஊர்க்காரர்கள் இரண்டு அண்டாவைக் குடித்தார்கள். மூன்றாவது அண்டாவின்மேல் நான் வெள்ளைத்துணி போட்டு மூடி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“அது யாருக்குங்க?” என்று கேட்டார்கள்.

“வர வேண்டியவங்க இருக்காங்க.”

“வராம போயிட்டா?”

துணியின் ஓரத்தை இழுத்துவிட்டேன். கோவிந்தப்பன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஊர்க்காரர்கள் கலைந்தார்கள். பெண்கள் பாத்திரம் கழுவப் போனார்கள். இரண்டு மணிக்குமேல் கோயில் முன்னால் நாங்கள் இருவரும்தான். சாரல் நின்று மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. வேப்பமரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கண் சொக்கியது. தூங்கிவிட்டால் அவர்கள் வந்து திரும்பிப் போய்விடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் உதறி விழித்தேன்.

மூன்றே காலுக்கு முதல் பஸ் போனது. நிற்கவில்லை. இரண்டாவது பஸ்ஸும் லேஅவுட் பக்கம் திரும்பிவிட்டது.

“அண்ணா” என்றான் கோவிந்தப்பன்.

“நில்லு” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து லேஅவுட் தெருவிலிருந்து அவர்கள் நடந்து வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய், மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு. நீலச்சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அட்டை. முன்னால் காளியம்மாள். கோயில் எல்லைக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். உள்ளே வரலாமா என்று தயங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நான் எழுந்தேன். அதற்குள் பரமசிவம் குரல் கொடுத்தார்.

“ஐயா, ஷூவ எங்கன கழட்டுறது?”

“அங்கியே விடுங்க” என்றான் கோவிந்தப்பன். “ஒண்ணும் காணாம போவாது.”

இரும்பு மூக்கு வைத்த கம்பெனி ஷூக்கள். சட்டென்று கழற்ற வராது. வேப்பமரத்தடியில் குனிந்தும் மண்டியிட்டும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும், அவர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். வெகுநேரம் ஆனது. எங்களில் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஈர மண்ணில் ஜோடி ஜோடியாக வரிசை நீண்டுகொண்டே போனது. நாற்பத்தொரு ஜோடிவரை எண்ணினேன். வந்தவர்களை எண்ணுவது மரியாதை அல்ல என்று தோன்ற, அதோடு நிறுத்திக்கொண்டு அண்டாவின் துணியை எடுத்தேன்.